பூட்டிய அலமாரியும் அஞ்சாங்கல்லும்

நான் பகாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். தமிழ்ப்பள்ளி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வளமையத்தில் இருந்த கண்ணாடி அலமாரிதான். அதனுள் வண்ண வண்ணக் கதைப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். அலமாரிக்குப் பூட்டு, சாவி அலுவலகத்தில். "கொடுத்தால் கிழித்துவிடுவீர்கள்" என்பார்கள். ஆறாம் ஆண்டு முடித்து நாங்கள் வெளியேறியபோதும் அப்புத்தகங்கள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. அன்று அதைப் பெருமையாக நினைத்தோம். இன்று நினைத்தால் வயிறு எரிகிறது.

நம் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று மேடைதோறும் குறைபட்டுக்கொள்கிறோம். வாசிக்கும் இடம் அவர்கள் விரும்பி வரும்படி இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. நூலகம் என்றால் வாயில் விரல் வைக்க வேண்டும். படித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கல்வியமைச்சு 1990-களின் இறுதியில் கொண்டுவந்த நீலாம் வாசிப்புத் திட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால், நானும் என் நண்பர்களும் செய்தது என்ன? ஆசிரியர் எடுத்துத் தந்த மெல்லிய புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்து எழுதிக் கையொப்பம் வாங்கினோம். எண்ணிக்கை ஏறியது, கதை மனத்தில் ஏறவில்லை.

அதே பிள்ளைகள் மாலையில் என்ன செய்தோம்? வாசலில் அமர்ந்து அஞ்சாங்கல் ஆடினோம். மலாய் மொழியில் இவ்விளையாட்டுக்கு 'பத்து சிரம்பான்' என்று நம் மாநிலத் தலைநகரின் பெயரே வழங்குகிறது. ஆடிக்கொண்டே கதை கட்டினோம். தொலைக்காட்சியில் பார்த்த ராஜா கதையை மறுநாள் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நடித்தோம். சொல்லும் கற்பனையும் எங்களிடம் நிறையவே இருந்தன. அவற்றைத்தான் நூலகம் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. விளையாட்டை உள்ளே விட்டால் வாசிப்பும் கூடவே வரும் என்பது என் கருத்து.

இதை நான் வெறும் ஆசையில் சொல்லவில்லை. கடந்த ஆண்டு பருவ விடுமுறையில் நண்பர்கள் ஐவர் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குச் சென்றோம். இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களை மேசையில் பரப்பினோம். ஒருவரும் தொடவில்லை. பிறகு பழைய காலுறைகளில் பொத்தான் தைத்துப் பொம்மைகள் செய்து, ஒரு கதைப் புத்தகத்தை நாடகமாக்கினோம். பச்சைக் காலுறை முதலையாயிற்று. அதைக் கையில் மாட்டிக்கொண்டவன் ஐந்தாம் ஆண்டு மாணவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். தங்கை முன்னால் தடுமாறக்கூடாது என்பதற்காகத் தன் வசனத்தை நான்கு முறை படித்துப் பார்த்தான். யாரும் அவனைப் படிக்கச் சொல்லவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணே, முதலை கடைசியில என்னா ஆவுது? அந்தப் புத்தகத்தக் கொடுங்க" என்றான். போகும்போது, "அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டான். வருவோம் என்றோம்.

நாங்கள் போகவில்லை. தேர்வு வந்தது, பிறகு மறந்தோம். தீபாவளி விடுமுறையில் ஒருநாள் அப்பள்ளிக்குச் சென்றேன். பொம்மைகள் பத்திரமாக இருந்தன, அலமாரிக்குள், பூட்டிய நிலையில். பள்ளியை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு நாள் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் நாங்கள்.

நூலகம் வாசகனைத் தேடிப் போக வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமன்று. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-ஆம் ஆண்டிலேயே நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்படுத்தப்படவே இருக்கின்றன என்பது அவற்றுள் முதல் விதி. பூட்டு அவ்விதியை முறிக்கிறது. அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பாட்டையும் வீதி நாடகத்தையும் கொண்டே எழுத்தறியாத பெண்களிடம் எழுத்தைக் கொண்டு சேர்த்தது. பெரியவர்களுக்கே பாட்டும் கூத்தும் தேவைப்பட்டன என்றால், பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் மறுக்கிறோம்?

நம் தோட்டங்களுக்கு இது இன்னும் அவசரம். தோட்டம் தனியார் நிலம். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் பள்ளி நடத்த நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. நூலகத்தைப் பற்றி எந்த நிர்வாகம் கவலைப்பட்டது? கிராமங்களுக்கு அரசாங்கம் கிராம நூலகங்களைக் கட்டியது. தோட்டத்துப் பிள்ளைக்கு அவை எட்டவில்லை. 2020-ஆம் ஆண்டு கோலாலம்பூர் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக விளங்கியது. பள்ளிப் பேருந்தை விட்டால் வேறு வண்டியில்லாத பிள்ளைக்கு அந்தத் தலைநகரால் என்ன பயன்? அவனுக்கு இருக்கும் ஒரே நூலகம் தமிழ்ப்பள்ளி அலமாரிதான். அதையும் அவன் பன்னிரண்டு வயதில் இழக்கிறான். நான் படித்த இடைநிலைப்பள்ளி நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் ஒரு தட்டைக்கூட நிரப்பவில்லை. அந்த ஆறு ஆண்டில் தமிழ்ப் புத்தகத்தோடு உறவு ஏற்படாவிட்டால், பிறகு ஏற்படுவது அரிது.

விளையாட்டு என்றால் கூச்சல், கட்டொழுங்கு கெடும் என்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரக் கூச்சலால் எந்தப் பள்ளியும் கெட்டுவிடாது. தேர்வு பாதிக்கும் என்பார்கள். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கும் போயிற்று. புத்தகம் கிழியும் என்பார்கள். கிழியட்டும், ஒட்டுவோம். ஒட்டும் பிள்ளை அதையும் ஒருமுறை படிப்பான். ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பது மட்டும் உண்மை. அங்கேதான் நாம் வேண்டும்.

நெகிரி செம்பிலானில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் நம்மால் போக முடியாது. ஆண்டுக்கு ஆறு பள்ளிகளில் ஒருநாள் முகாம் நடத்துவதை விட்டு, ஒரே பள்ளிக்கு ஓராண்டு முழுவதும் இரு வாரத்திற்கொருமுறை போவோம். கதையை நடிக்க வைப்போம். முடிவை மாற்றி எழுதச் சொல்வோம். விடுகதைப் போட்டி வைத்து விடையைப் புத்தகத்தில் ஒளித்து வைப்போம். புளியங்கொட்டையும் காலுறையும் போதும், பெரிய செலவில்லை. படிவம் ஒன்று, இரண்டு மாணவர்களை நூலகப் பொறுப்பாளர்களாக்குவோம். நாம் பட்டம் பெற்றுப் போனபின்னும் சாவி அவர்கள் கையில் இருக்கும். அவர்களுக்கும் தமிழ்ப் புத்தகம் விட்டுப்போகாது. பட்டம் பெற்ற அண்ணன்மார்களும் அக்காமார்களும் பெட்ரோல் செலவுக்கும் புதுப் புத்தகங்களுக்கும் கைகொடுக்கலாம்.

இவ்வாண்டு அந்தப் பையன் ஆறாம் ஆண்டு படிக்கிறான். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவான். அதற்குள் நாங்கள் மீண்டும் போக வேண்டும். இம்முறை 'வருவோம்' என்று சொல்லிவிட்டு வராமல் இருக்க எனக்கு மனமில்லை. உடன் வர விரும்புவோர், வீட்டில் ஒற்றையாய்க் கிடக்கும் பழைய காலுறைகளை எடுத்து வையுங்கள்.