லத்தியும் கவாத்தும் போதுமா?

2008ஆம் வருஷம் நவம்பர் 26ந் தேதி இரவு, மும்பை கிர்காம் சௌபாத்திச் சாலையில், உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே பகைவனுடைய துப்பாக்கிக் குழலை வெறுங்கைகளால் பற்றிக்கொண்டார். குண்டுகள் உடலைத் துளைத்தன, பிடி தளரவில்லை. அஜ்மல் கசாப் உயிரோடு அகப்பட்டான். அவ்வீரருக்கு அசோக சக்கரம் அளித்துத் தேசம் வணங்கியது. நாமும் வணங்குகிறோம். ஆயினும் வீரத்தை நம்பி வித்தையைக் கற்பியாதிருப்பது சர்க்காருக்கு அழகா?

அன்று வந்த கொடியோர் பத்துப் பேர். மாண்ட நிரபராதிகளும் காவலரும் 166 பேர். மானேஸரிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை வந்து சேருமுன் பொழுது விடிந்துவிட்டது. 2009ல் சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களில் அப்படைக்கு நிலையங்கள் ஏற்பட்டன. நன்று. ஆனால் எந்தப் படையும் வருமுன் சம்பவ ஸ்தலத்தில் நிற்பவர் பேட்டைக் கான்ஸ்டேபிளே அன்றோ? அவர் பெரும்பாலும் கற்பதெல்லாம் கவாத்தும், மைதானத்தில் அசையாத பலகையைச் சுடுவதுமே. பகைவனோ மாடிப்படித் திருப்பத்தில் நிற்கிறான். நடுவே பெண்டு பிள்ளைகள்.

சிப்பாய்க்கும் இது வேண்டாத வித்தையன்று. 2020 ஜூன் 15ந் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் கல்லும் ஆணி அடித்த தடியுமே ஆயுதங்கள். எல்லைக் கோட்டருகே சுடுவதில்லையென்று சீனாவோடு 1996ல் செய்த உடன்படிக்கை உண்டு. நம்மவர் இருபதின்மர் மாண்டனர்; ராமநாதபுரம் ஜில்லா ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர்.

இவ்வித்தை கற்ற போலீஸார் ஜனங்கள் மீதே கை வைப்பார்களென்று நண்பர்கள் சிலர் அஞ்சுகின்றனர். நியாயஸ்தலங்களில் வாதாடிய நமக்கும் அவ்வச்சம் உண்டு. லாக்கப் சங்கதிகள் நாம் அறியாதவை அல்ல. ஆனால் மடக்கத் தெரியாதவனே கிலி பிடித்து முதலில் சுடுகிறான். கசாப் அன்றே பிணமாகியிருந்தால் சதியைச் சொல்ல வாய் ஏது, விசாரணை ஏது? 2012ல் அவன் தூக்கிலேறியது நியாயஸ்தலத்தின் தீர்ப்பின்படி.

ஜில்லாதோறும் அறையும் படியும் இருட்டும் கொண்ட பயிற்சிக் கட்டிடம் எழவேண்டும். வர்ணம் தெறிக்கும் போலித் தோட்டாவால் பழக்கவேண்டும். திமிறும் ஆளோடு மல்லுக்கட்டவும், துப்பாக்கியைப் பறிகொடாதிருக்கவும், இரத்தப் பெருக்கைக் கட்டி நிறுத்தவும் கற்பிக்கவேண்டும். உத்தியோகத்தில் சேரும்போது ஒரு தடவை அல்ல, வருஷந்தோறும். மந்திரிகளின் பந்தோபஸ்துக்கென்று பயிற்சி நாட்களைப் பறிப்பது கூடவே கூடாது.

போலீஸ் இலாகா மாநில சர்க்காருடையது; டில்லியைக் கை காட்டித் தப்ப இயலாது. அடுத்த பட்ஜெட்டில் இதற்கென எவ்வளவு ஒதுக்குகிறார்களென்று பார்ப்போம்.