தட்டினால் ஓடுகிறதா? அதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல!

கம்ப்யூட்டர் இதழில் கார் ரிப்பேர் பற்றி எழுதுகிறாரே என்று நினைக்காதீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அதை நான் கற்றுக் கொண்டது கம்ப்யூட்டர் கடையில் அல்ல. நாமக்கல்லில், லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் ஒரு பட்டறையில்.

என் காரில் ஏசி காற்றை உள்ளே தள்ளும் புளோயர், சில நாட்கள் ஓடும், சில நாட்கள் ஓடாது. சுவிட்சைப் போட்டால் சத்தமே வராது. சாலையில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறினால் தானாக ஓட ஆரம்பிக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே கையால் ஒரு தட்டு தட்டினாலும் ஓடும். சித்திரை வெயிலில் சேலம், நாமக்கல் பக்கம் கார் ஓட்டியவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும். ஆனாலும் தட்டினால் ஓடுகிறதே என்று ஆறு மாதம் விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில்தான் விஷயம் விபரீதமானது. இரவு நேரம். சேலத்தில் இருந்து நாமக்கல் திரும்பிக் கொண்டிருந்தேன். பின் சீட்டில் அம்மா. மல்லூர் தாண்டி நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டதால் எங்கள் மூச்சின் ஈரம் முன் கண்ணாடியின் உள்பக்கம் பனி போல் படிந்தது. அதை நீக்குவதற்கும் அதே புளோயர்தான் காற்றைக் கண்ணாடி மீது தள்ள வேண்டும். அன்று எத்தனை தட்டியும் ஓடவில்லை. துணியால் துடைத்துக் கொண்டே ஓட்டினேன். எதிரே லாரியின் ஹெட்லைட் வெளிச்சம் பட்டால் முன்னால் வெறும் வெண்மைதான் தெரிந்தது. ஆண்டகளூர் கேட்டில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, மழை விடும் வரை முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். புளோயர் என்பது சொகுசு மட்டும் அல்ல என்று அன்றுதான் தெரிந்தது.

மோட்டார் மாறியது, பிரச்னை மாறவில்லை

மறுநாளே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். "மோட்டார் போயிருச்சுங்க, மாத்திரலாம்" என்றார்கள். மீட்டர் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சில ஆயிரம் ரூபாய் செலவில் புது மோட்டார் வந்தது. மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்காவது வாரம் பழைய கதை.

அதன் பிறகுதான் ஒரு நண்பர் சொல்லி அந்தப் பட்டறைக்குப் போனேன். நாமக்கல் லாரி பாடி கட்டுவதற்குப் பேர் போன ஊர். அந்தத் தொழிலைச் சுற்றி ஒயரிங் வேலை செய்பவர்கள் நிறைய உண்டு. அவர்களில் வயதான ஒருவர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். அன்று பார்த்து புளோயர் ஜம்மென்று ஓடியது.

"இப்ப ஓடுதுங்களே தம்பி! ஓடற வண்டியில நான் என்னத்தப் பார்க்கறது? எப்ப நிக்குதோ அப்பக் கொண்டாங்க. தட்டிப்போடாமக் கொண்டாங்க" என்றார்.

"அண்ணே, அவ்வளவு தூரம் எப்படிங்க..." என்று இழுத்தேன். "வேற வழி இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் காலையில் புளோயர் ஓடவில்லை. தட்டாமல் மெதுவாக ஓட்டிக் கொண்டு போனேன். அவர் செய்த வேலை மொத்தமே பத்து நிமிடம். சுவிட்சை 4-ஆம் ஸ்பீடில் வைத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தார். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட் கூட இல்லை. அடுத்து, சிவப்பு முனையை அப்படியே வைத்துக் கொண்டு, கறுப்பு முனையை மட்டும் எடுத்து வண்டியின் பாடி இரும்பில் வைத்தார். இப்போது 12 வோல்ட்!

அதாவது கரண்ட் மோட்டார் வரை சரியாக வருகிறது. திரும்பிப் போகும் வழியில்தான் தடை. காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் பாடியோடு இணைத்திருப்பார்கள். இதை எர்த் என்போம். புளோயரின் எர்த் ஒயர், மிதியடிக்கு அருகே ஒரு போல்ட்டில் முடிகிறது. தண்ணீர் பட்டு அந்த போல்ட் துருப்பிடித்து, லூசாகி இருந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினார். அன்றிலிருந்து புளோயர் நிற்கவே இல்லை. மோட்டார் மாற்றியபோது மூன்று வாரம் ஓடியது எப்படி? ஒயர்களை அசைத்ததில் அந்த போல்ட் தற்காலிகமாகத் தொட்டுக் கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு

துரு இவ்வளவு செய்யுமா என்று கேட்கலாம். புளோயர் முழு வேகத்தில் 15 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். லூசான ஒரு இணைப்பில் வெறும் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால், அங்கேயே 1.5 வோல்ட் வீணாகும். 22.5 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் உண்டாகும். ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். கார்களில் பிளாஸ்டிக் கனெக்டர் உருகிப் போவதற்கும் இதுவே காரணம்.

உங்கள் காரில் இப்படி நேர்ந்தால் அறிகுறியை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கைப்பிடியைத் திருப்பி ஸ்பீடு மாற்றும் கார்களில், முதல் மூன்று ஸ்பீடுகளுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் போகும். கடைசி ஸ்பீடுக்கு நேராகப் போகும். பழைய பெட்டி வடிவ சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் போலத்தான். எனவே கடைசி ஸ்பீடு மட்டும் ஓடினால் சந்தேகம் ரெசிஸ்டர் மீது. எந்த ஸ்பீடும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் இடையே முழு 12 வோல்ட் இருந்தும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டார் பழுது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் நிற ஒயர், கனெக்டர் இருந்தால் தொடாதீர்கள். பல கார்களில் அது ஏர்பேக்குக்கு உரியது.

குறுக்கு வழி எங்கே கொண்டு போகும்?

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸாகப் போடுவது, ரெசிஸ்டரில் இருக்கும் பாதுகாப்பு ஃபியூஸை ஒயர் வைத்து இணைத்துவிடுவது ஆகிய குறுக்கு வழிகளும் உண்டு. இதன் விலை என்ன என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் ஸாஃபிரா பி என்ற கார்கள், புளோயர் பகுதியில் இருந்து தீப்பிடித்து அடுத்தடுத்து எரிந்தன. 2015-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. ரெசிஸ்டரில் உள்ள வெப்ப ஃபியூஸை யாரோ முறையற்ற வகையில் ரிப்பேர் செய்ததே காரணம் என்று அப்போது சொன்னது. ஆனால் ரெசிஸ்டரை மாற்றிய பிறகும் தீ நிற்கவில்லை. 2016-ல் மீண்டும் அழைக்க வேண்டி வந்தது. மோட்டாரில் ஈரம் புகுந்து துருப்பிடிப்பதையும் அப்போது கணக்கில் எடுத்துக் கொண்டார்கள். 2017-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, நிறுவனம் மிகத் தாமதமாகச் செயல்பட்டது என்று கண்டித்தது. காரணத்தை முழுதாகக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றினால், பெரிய நிறுவனமாக இருந்தாலும் கதை இதுதான்.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம்

"சார், சிஸ்டம் சில சமயம் ஆன் ஆகவில்லை. சிபியு பெட்டியைத் தட்டினால் ஆன் ஆகிறது." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. கடைக்குக் கொண்டு போனால் அங்கே நன்றாக வேலை செய்யும். ஊகமாக எஸ்.எம்.பி.எஸ். மாற்றப்படும், பிறகு ராம், பிறகு மதர்போர்டு. கடைசியில் பார்த்தால் ராம் அதன் ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருந்திருக்கும். என் மோட்டார் கதையேதான்.

என் கருத்து இதுதான்: விட்டு விட்டு வரும் பழுதை, அது வந்திருக்கும்போதுதான் பிடிக்க வேண்டும். தட்டுவது, உடனே ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் தடயத்தை அழிக்கும் வேலை. முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த நேரம், எந்த புரோகிராம் திறந்திருந்தது, திரையில் என்ன வாசகம் வந்தது, ஃபேன் சுற்றியதா, அன்று மின்சாரம் போய் வந்ததா? செல்போன் இருந்தால் திரையைப் படம் எடுத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் தானும் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சர்ச் கட்டத்தில் ரிலயபிலிட்டி என ஆங்கிலத்தில் டைப் செய்தால், வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி என்ற வரி காட்டப்படும். அதில் கிளிக் செய்தால், எந்த நாளில் எது நின்றது என்று சிவப்புக் குறியோடு பட்டியல் கிடைக்கும்.

டெஸ்க்டாப்பின் பிராசசர் ஃபேனும் காரைப் போல 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. ஆனால் இதில் கார்பன் பிரஷ் கிடையாது. நான்கு ஒயர் ஃபேனில் ஒரு ஒயர் வேகத்தைக் கட்டளையிடும். இன்னொரு ஒயர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குத் திருப்பிச் சொல்லும். காரில் இல்லாத வசதி இது. பல கம்ப்யூட்டர்களில் பயாஸ் திரையிலேயே இந்த எண்ணைப் பார்க்கலாம். ஃபேன் சில சமயம் சுற்றாவிட்டால், மெயின் பிளக்கைப் பிடுங்கிய பிறகு தூசியைத் துடைத்து, கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி ஒரே ஆண்டில் ஃபேன் இறக்கைகளில் அடையாகப் படியும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

"சோதிக்க ஆகும் நேரத்துக்குப் பாகத்தை மாற்றுவதே லாபம்" என்று கடைக்காரர்கள் சொல்வது உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. நன்றாக இருப்பதாகத் தெரிந்த ஒரு ராமைப் போட்டுப் பார்ப்பது சோதனைதான். ஆனால் அது கடைக்காரரின் ராமாக இருக்க வேண்டும்; பழுது தீரவில்லை என்றால் திரும்ப அவர் பெட்டிக்கே போக வேண்டும். உங்கள் பில்லில் ஏறினால் அது சோதனை அல்ல, வியாபாரம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பாகம்தான் பழுது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? அதே பழுது மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள்? நல்ல சர்வீஸ் இன்ஜினியர் இதற்குக் கோபப்பட மாட்டார். அந்தப் பட்டறைக்காரர், துருப்பிடித்த போல்ட்டையும் மீட்டர் காட்டிய எண்ணையும் நான் கேட்காமலேயே எனக்குக் காட்டினார். சோதித்ததற்கும் சேர்த்து அவர் கேட்டதை மறுபேச்சு இல்லாமல் கொடுத்தேன். புது மோட்டாருக்குக் கொடுத்த பணம்தான் இன்னும் உறுத்துகிறது.