முதலில் கணக்கு, பிறகு பணம்

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் ஓர் ஒப்பந்தப் பத்திரத்துடன் வீட்டுக்கு வந்திருந்தார். பிரபல நிறுவனம் ஒன்றின் பெயரில், 'பிரான்சைஸ்' முறையில் உணவகம் நடத்துபவர் அவர். வாரந்தோறும் விற்பனைக் கணக்கை அந்நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதும் ராயல்டித் தொகை அவரது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்பட்டுவிடும். வியாபாரம் சரிந்த இரு மாதங்களில் அவர் கணக்கையே அனுப்பவில்லை. "அனுப்பியிருந்தால் ஊழியர் சம்பளத்துக்கு வைத்திருந்த பணம் போயிருக்கும், ஐயா" என்றார். இப்போது நிலுவையுடன் அபராதமும் வட்டியும் சேர்ந்துவிட்டன. ஒப்பந்தம் ரத்தாகும் என்ற எச்சரிக்கையும் வந்திருக்கிறது.

கணக்கை மறைத்தது அவர் தவறுதான். நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. லாபத்தைக் குறைத்துக் காட்டுவது எளிது. விற்பனையை மறைப்பது கடினம். அதனால்தான் ராயல்டி பெரும்பாலும் மொத்த விற்பனையின் மீது விதிக்கப்படுகிறது.

ஆனால், அதன் சுமையையும் பார்க்க வேண்டும். மாத விற்பனை ரூ.20 லட்சம், ராயல்டி 6% என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி ரூ.1.20 லட்சம், 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் ரூ.1,41,600. வாடிக்கையாளரிடம் 5% ஜிஎஸ்டி வசூலிக்கும் உணவகங்களுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை இல்லை என்பதால், அந்த ரூ.21,600 உரிமையாளரின் செலவாகவே நின்றுவிடும். அம்மாதம் நஷ்டமே ஆனாலும் இதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

கணக்கு அனுப்பிய உடனேயே பணம் போகும் என்றால், நெருக்கடியில் இருப்பவர் முதலில் நிறுத்துவது கணக்கைத்தான். எந்தக் கிளை தள்ளாடுகிறது என்பது நிறுவனத்துக்கு மிக அவசியமாகத் தெரிய வேண்டிய நேரத்தில் தெரியாமல் போகிறது. ஜிஎஸ்டி நடைமுறையில் இவ்விரண்டும் தனித்தனி. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோர் விற்பனை விவரத்தை 11-ஆம் தேதிக்குள்ளும், வரியை 20-ஆம் தேதிக்குள்ளும் அளிக்கின்றனர். வரி வசூலிக்கும் அரசே அளிக்கும் இந்த இடைவெளியைத் தனியார் ஒப்பந்தங்களும் அளிக்கலாம். கணக்கை உரிய நாளில் அனுப்பியவருக்குப் பணம் செலுத்தச் சில வார அவகாசமும், கணக்கையே மறைத்தவருக்கு அபராதமும் என்பதே முறையாகும்.

அமெரிக்காவில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்பே, எல்லாக் கட்டணங்களையும் விளக்கும் ஆவணத்தை நிறுவனம் அளித்தாக வேண்டும். இந்தியாவில் பிரான்சைஸ் தொழிலுக்கெனத் தனிச் சட்டமே இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74-ஆவது பிரிவில், பத்திரத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறது. ஆனால், அதைப் பெற வழக்காட வேண்டும். வீட்டை அடமானம் வைத்து ஒரே ஓர் உணவகம் தொடங்கியவரால் எத்தனை ஆண்டுகள் வழக்காட முடியும்?

கட்டணங்களையும் அபராதங்களையும் முன்கூட்டியே வெளிப்படுத்தும் கடமையை மத்திய அரசு சட்டமாக்க வேண்டும். என் மாணவரிடம் அன்று நான் சொன்னது ஒன்றுதான்: "நிலுவைக் கணக்குகள் முழுவதையும் இன்றிரவே அனுப்பிவிடுங்கள், அதன்பின் தவணை கேளுங்கள்." கணக்கை மறைத்தவர் கேட்கும் தவணைக்கு மதிப்பில்லை.