பிரேக் "திடீரென்று" போவதில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருக்கும் நம்மூர்ச் சகோதரர்கள் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கமெண்டில் ஏசுங்கள், பரவாயில்லை.

சென்ற மாதம் கண்டியிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தேன். கடுகண்ணாவ இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் கால் அப்படியே கீழே போகிறது. அடித்து அடித்து மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து ஒருவாறு ஓரம் கட்டினேன். பின்சீட்டில் உம்மாவும் இரண்டு பிள்ளைகளும். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

கேள்விப்பட்டு வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "திடீரென்று பிரேக் போனால் என்ன செய்ய சேர், எல்லாம் கத்ர்."

திடீரென்று போகவில்லை. மூன்று வாரமாகப் பெடல் பஞ்சு மாதிரி இருந்தது எனக்குத் தெரியும். சம்பளம் வரட்டும் என்று நான்தான் தள்ளிப் போட்டேன். என் சோம்பலுக்குக் கத்ரைச் சாட்டுவதா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான்!

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் 205 பாகை வரை தாங்கும். ஈரம் ஏறியது 140 பாகை அளவிலேயே கொதித்துவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் அந்தச் சூடு வரும். ஒயில் ஆவியானால் நாம் மிதிக்கும் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் மாற்றினோம்? புது அலோய் வீல் போடக் காசு இருக்கிறது. ஒரு சஹன் சாப்பாட்டுக் காசு கூட வராத ஒயில் போத்தலுக்கு இல்லை.

அரசாங்கத்தையும் கேட்கத்தான் வேண்டும். வருடாந்த லைசன்ஸ் எடுக்கக் காரின் புகையைப் பரிசோதிக்கிறார்கள். இன்சூரன்ஸ் கேட்கிறார்கள். பிரேக் பிடிக்கிறதா என்று நம் காரை யாரும் கேட்பதில்லை. 2020 இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025 இல்தான் திரும்பவும் தொடங்கியது. அதுவரை பழைய வாகனங்களையே ஓட்டி ஓட்டி இழுத்தோம். பரிசோதனை மட்டும் புகையோடு நின்றுவிட்டது.

இன்னொன்று கார்பெட். 2009 இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. காலடி விரிப்பு நகர்ந்து எக்ஸிலேட்டர் பெடலை அமுக்கிப் பிடிக்கும் ஆபத்துத்தான் காரணம். நாம் என்ன செய்கிறோம்? கம்பனி விரிப்புக்கு மேல் ஒரு றப்பர், அதற்கு மேல் ஒரு பூக் கார்பெட், சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர்ப் போத்தல்!

2010 இல் பிரேக் மென்பொருளுக்காக பிரியஸ் உட்பட 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட்களைத் திருப்பி அழைத்தார்கள். அப்படியான அறிவித்தல் ஜப்பானில் முதல் சொந்தக்காரருக்குப் போகும். ரீகண்டிஷன் வாங்கிய நமக்கு வாகனம் மட்டும்தான் வரும். செசி நம்பரைக் கொடுத்து ஏஜென்டிடம் கேட்பதற்கு ஒரு போன் கோல் போதும்.

ஒரு வேண்டுகோள். மஸ்ஜித் நிர்வாகமும் நம்மூர் கராஜ் பாஸ்மாரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி வளவில் எல்லா வாகனங்களின் பிரேக்கையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஸ்கூல் வேன்களை முதலில் பாருங்கள். பெயர் எழுதி வரிசை பிடிக்கும் வேலையை நான் செய்கிறேன். அதற்கு முன் நாளைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெடலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கீழே இறங்கினால், பஞ்சாக இருந்தால், அன்று வாகனத்தை எடுக்காதீர்கள்.

கார் நம்முடைய சொத்து. அதன் பிரேக் மட்டும் வீதியில் நடக்கும் அடுத்தவர் பிள்ளையின் ஹக்.

வஸ்ஸலாம்.