வேலை கிடைத்ததா என்று கேட்க ஏன் தயங்குகிறார்கள்?

பயிற்சி பெற்ற இளைஞர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதிலும் ஏறத்தாழ வார்த்தை மாறாமல் வருகிறது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களில், குறுகிய காலப் பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று கண்காணிக்கப்பட்டது. நான்காம் கட்டத்திலோ, பயிற்சி பெற்றவர்கள் தங்களுக்கான பாதையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் ஆற்றலை அளிப்பதே நோக்கம். இதுதான் அந்தப் பதில்.

இதன் பொருள் தெளிவானது. வேலையில்லாத இளைஞர்களுக்காக மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு திட்டத்தில், வேலை கிடைத்ததா என்ற கணக்கையே கைவிட்டுவிட்டார்கள். இந்த முடிவை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

முந்தைய ஏற்பாட்டை நினைவில் கொண்டால்தான் இழந்தது எது என்று புரியும். இரண்டாம் கட்டத்தில் பயிற்சி நிறுவனங்களுக்கான தொகை மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வகுப்பு தொடங்கியதும் 30 விழுக்காடு, மாணவர் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றதும் 50 விழுக்காடு, வேலையில் சேர்ந்தது உறுதியான பிறகு மீதி 20 விழுக்காடு. அந்தக் கடைசித் தவணை மிகக் குறைவு என்பதே நமது கருத்து. ஆனாலும் பயிற்சி மையத்தை நடத்துபவர் பத்துத் தொழிற்சாலைகளின் கதவைத் தட்ட அது ஒரு காரணமாக இருந்தது. வேலை நியமனத்தைக் கணக்கிலேயே எடுக்காத இடத்தில் அந்தப் பிடி எப்படி நிற்கும்? வகுப்பறையை நிரப்பினால் போதும், வருகைப் பதிவு சரியாக இருந்தால் போதும், சான்றிதழ் அச்சானால் போதும் என்ற நிலைக்குத்தான் மையங்கள் போய்ச் சேரும்.

கணக்கு எடுத்த காலத்தில் அது என்ன சொன்னது? முதல் மூன்று கட்டங்களில் குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் பெற்றவர்களில் சுமார் 41 விழுக்காட்டினருக்கு மட்டுமே வேலை கிடைத்தது. பத்தில் ஆறு பேர் சான்றிதழோடு வீடு திரும்பினார்கள். பொறுப்புள்ள எவரும் இதைக் கண்டு பாடத்திட்டத்தை மாற்றியிருப்பார்கள், பயிற்றுநர்களின் தரத்தை உயர்த்தியிருப்பார்கள், எந்த மாவட்டத்தில் எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை என்று தொழிற்சாலை வாசலில் நின்று விசாரித்திருப்பார்கள். இவர்களோ அந்த எண்ணையே பார்வையிலிருந்து அகற்றிவிட்டார்கள். காய்ச்சல் குறையவில்லை என்பதற்காக வெப்பமானியைத் தூக்கி எறியும் மருத்துவரை யாராவது நம்புவார்களா?

பாதையை இளைஞரே தேர்ந்துகொள்ளட்டும் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. தேர்ந்துகொள்ள அவர் முன்னே என்ன இருக்கிறது என்பதல்லவா கேள்வி? கள்ளக்குறிச்சியிலோ இராமநாதபுரத்திலோ பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண், மூன்று மாதம் பேருந்துக்குக் காசு செலவழித்துத் தரவு உள்ளீட்டுப் பயிற்சிக்குப் போகிறார். முடிந்ததும் கையில் ஒரு தாள் கிடைக்கிறது. அந்தத் தாளைப் பார்த்து யாரும் அழைக்காவிட்டால், அவர் எந்தப் பாதையைத் தேர்ந்துகொண்டார் என்று எழுதுவது? சுயதொழில் தொடங்கினாரா, மேற்படிப்புக்குப் போனாரா, மீண்டும் வீட்டிலேயே இருக்கிறாரா என்று தேடிப் பார்க்காத அரசுக்கு அவருடைய சுதந்திரத்தைப் பற்றிப் பேசும் தகுதி கிடையாது.

கண்காணிப்பது கடினம் என்றும் சொல்ல முடியாது. பயிற்சியில் சேர ஆதார் வேண்டும். அமைப்புசார்ந்த வேலையில் சேருபவருக்கு வருங்கால வைப்பு நிதியில் ஒரு பொதுக் கணக்கு எண் இருக்கிறது, அதுவும் ஆதாரோடு இணைந்திருக்கிறது. பயிற்சி முடிந்த ஓராண்டுக்குள் அந்தக் கணக்கில் மாதந்தோறும் பணம் விழுந்ததா என்று பார்க்க யாரும் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. எல்லா வேலையும் இதில் அகப்படாது என்பது உண்மைதான். அகப்படுவதையாவது எண்ணலாமே.

அதே அரசின் ஊரக வளர்ச்சித் துறை 2014-ல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாயா ஊரகத் திறன் திட்டம், பயிற்சி பெற்றவர்களில் 70 விழுக்காட்டினரையாவது வேலையில் அமர்த்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கிராமத்து இளைஞருக்கு ஒரு துறை விதித்த நிபந்தனையை, திறனுக்கென்றே உருவான துறை ஏன் சுமக்க மறுக்கிறது?

இந்த மறுப்பு புதிதல்ல. முடிவெடுத்தவர்களின் பழைய கணக்குகளைப் புரட்டினால் இதே பழக்கம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 2015 ஜூலையில் திட்டம் தொடங்கியபோது ஒரே ஆண்டில் 24 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். அந்த ஓராண்டு ஓட்டத்தால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்று ஆராயாமலே, 2016-ல் 12,000 கோடி ரூபாய் ஒதுக்கி, நான்கு ஆண்டுகளில் ஒரு கோடிப் பேர் என்று இலக்கைப் பெருக்கினார்கள். அரசே அமைத்த சாரதா பிரசாத் குழு இந்தக் குறையை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. இளைஞருக்கு வேலையும் தொழில்துறைக்குத் தேவையான ஆளும் கிடைத்தார்களா என்று மதிப்பிடாமல் இவ்வளவு பெரிய திட்டத்தில் இறங்கியது தவறு என்றது. அந்த எச்சரிக்கையை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

பிறகு 2025 டிசம்பரில் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைப் படித்தவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் சிலவற்றை மறக்க விடக் கூடாது. சுமார் 96 லட்சம் பயனாளிகளின் பதிவுகளில் 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் வெற்றாகவோ, பூஜ்ஜியமாகவோ, பொருளற்ற குறிகளாகவோ கிடந்தது. ஒரே புகைப்படம் வெவ்வேறு பயனாளிகளின் பெயரில் இருந்தது. சான்றிதழ் பெற்ற 34 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சேர வேண்டிய தொகை போய்ச் சேரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடமே கேட்டுவிடலாம் என்று தணிக்கையாளர்கள் மின்னஞ்சல் அனுப்பியபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முகவரி சேராமல் திரும்பி வந்தன. வந்த பதில்கள் 171. அவற்றில் 131, ஒரே முகவரியிலிருந்தோ பயிற்சி மையங்களின் முகவரிகளிலிருந்தோ வந்தவை.

மாணவர் சார்பில் மையமே பதில் எழுதும் திட்டத்தில், மாணவருக்கு என்ன ஆயிற்று என்ற ஒரே ஒரு புறச்சான்றுதான் மிச்சமிருந்தது. அது வேலை. போலிக் கணக்கு எண் எழுதலாம், படத்தை நகலெடுக்கலாம், வருகைப் பதிவைத் திருத்தலாம். ஒரு நிறுவனம் மாதாமாதம் கொடுக்கும் சம்பளத்தை அவ்வளவு எளிதில் கற்பனையில் உருவாக்கிவிட முடியாது. அந்தச் சான்றைத்தான் நான்காம் கட்டத்தில் கைவிட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு, 2025 பிப்ரவரியில், இந்தத் திட்டம் உட்பட மூன்று திட்டங்களை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து 2026 மார்ச் வரை தொடர 8,800 கோடி ரூபாய்க்கு ஒப்புதலும் அளித்தார்கள். அதில் இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் 6,000 கோடி. விளைவைக் கேட்க மாட்டோம், பணத்தை மட்டும் தருவோம் என்று எந்தக் குடும்பத் தலைவியாவது சொல்வாரா?

ஒசூரிலும் கோவையிலும் ஆள் எடுக்கும் பட்டறைக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஐடிஐ-யில் இரண்டு ஆண்டு டர்னர் அல்லது ஃபிட்டர் படித்து, கையில் கிரீஸ் படிய லேத்தில் நின்ற பையனை அவர்கள் தேடி வருகிறார்கள். சில நூறு மணி நேரச் சான்றிதழை அவர்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றால், அந்தப் பயிற்சியைத் திருத்துவதற்கான முதல் செய்தி அங்கேதான் இருக்கிறது. வேலைக் கணக்கு இருந்தால் அந்தச் செய்தி தில்லிக்குப் போய்ச் சேரும். ட்ரோன், செயற்கை நுண்ணறிவு, முப்பரிமாண அச்சு என்று புதிய பாடங்களின் பெயரை அடுக்குகிறார்கள். அவற்றைப் படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று தெரியாதவரை பெயரைப் புதுப்பிப்பதால் யாருக்கு என்ன பயன்?

2022-ல் நாட்டின் வேலையற்றோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் படித்த இளைஞர்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. இவர்களுக்கு இனியொரு சான்றிதழ் தேவையில்லை. இவர்கள் கேட்பது மாதச் சம்பளம். அதை வாங்கித் தர முடியாவிட்டாலும், தர முடியவில்லை என்று எண்ணிச் சொல்லும் நேர்மையாவது வேண்டும். அந்த நேர்மையைக்கூட விட்டுக்கொடுத்தவர்கள் இளைஞர்களின் எதிர்காலத்தைப் பற்றி மேடையேறிப் பேசுவதை இனி சகிக்க முடியாது.

இந்தத் திட்டம் அடுத்து எந்தப் பெயரில், எத்தனையாவது கட்டமாக வந்தாலும், வேலைக் கணக்கு அதில் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும். அதை யார் எடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்பதை அறிந்தவர்கள் கூடி முடிவு செய்யட்டும். மாநிலங்களும் தங்கள் பங்குக்குக் கேள்வி எழுப்ப வேண்டும். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கேள்விக்கு ஓர் எண் பதிலாக வரும்வரை, இந்தத் திட்டத்துக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை.