கேஜ் கேஜாகவே இருக்கட்டும்

இந்த இதழுக்கு வந்த கவிதைகளில் ஒன்று, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு தாத்தாவைப் பற்றியது. எழுதியவர் அவருடைய பேத்தி. தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். தாத்தா கூண்டில் ஏறி ஆழ்குழிக்குள் இறங்குவதாக எழுதியிருந்தார். தங்கவயலில் எந்தத் தாத்தாவும் கூண்டில் ஏறியதில்லை. ஏறியது கேஜில், இறங்கியது ஷாஃப்டில். கூண்டு என்றதும் ஒரு கிளி வந்து உட்கார்ந்துகொள்கிறது, வாசகர் அதன் பின்னால் போய்விடுகிறார். கேஜ் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு ஆட்கள், மணி அடிக்கும் சத்தம், காலடித் தளம் சட்டென்று நழுவுகிற மாதிரி ஓர் இறக்கம், அடிவயிறு மேலே ஏறுவது, காது அடைப்பது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டோம். கவிதையில் ஆங்கிலம் கலக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். வீட்டில் தாத்தா சொன்ன சொற்களையே திரும்பப் போட்டுத் தரும்படி கேட்டுக்கொண்டோம். அந்தக் கவிதை அடிக்குறிப்பு எதுவுமில்லாமல் உள்ளே வருகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், இது ஒரு கவிதையின் பிரச்சினை அல்ல. இமேஜரி, மெட்டஃபர், கேன்வாஸ், ஈசல், அக்ரிலிக் என்று பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த ஆங்கிலத்தை நம் இளைஞர்கள் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் ஷாஃப்ட், லெவல், ஷிஃப்ட், லைன், ராக் பர்ஸ்ட் என்ற பாட்டன் சொற்களை எழுத மட்டும் கை தயங்குகிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த நம் மக்கள் துரைமார் வாயிலிருந்து காதால் கேட்டு எடுத்துக்கொண்ட சொற்கள் அவை. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை தன் அழுத்தம் தாங்காமல் வெடித்து ஆட்களை மூடியபோது, அந்தச் செய்தி தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு வந்த சொல் ராக் பர்ஸ்ட். அதைப் பாறைவெடிப்பு என்று எழுதினால் தமிழ் சுத்தமாக இருக்கும், வீட்டு வாசலில் நின்ற பெண்கள் அதில் இருக்கமாட்டார்கள்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட எழுத்தாளர்கள் இதை முன்பே தீர்த்துவிட்டார்கள். அங்கே லைன் லயமானது, காண்ட்ராக்ட் கொந்தரப்பானது. சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எழுதிய தோட்டத்தை லயம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? கரிசலுக்கு கி. ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் சொல்லகராதி செய்தார்கள். தங்கவயலுக்கும் ஒன்று வேண்டும்.

ஓவியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வாங்கும் வண்ணக் குழாயில் சியன்னா என்று அச்சிட்டிருக்கிறதே, அது இத்தாலியில் உள்ள சியனா என்ற ஊரின் பெயர். அந்த ஊர் மண்ணின் நிறம், உலகத்து ஓவியர்கள் எல்லோரும் சொல்லும் நிறமாகிவிட்டது. நம் ஊரைச் சுற்றி, சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கும் மேலான கழிவு மேடு மேடாகக் கிடக்கிறது. சாம்பலில் லேசாக மஞ்சள் கலந்து வெளிறிய அந்த நிறம் காலையில் ஒன்று, மழை நனைத்த பிறகு இன்னொன்று. காற்றுக் காலத்தில் அந்தத் தூசிதான் வீட்டுக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் போகிறது. சினிமாக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். அதை வரைகிற நம் பிள்ளைகள் ‘கிரே’ என்று பெயரிடுகிறார்கள். சயனைடு மேட்டு நிறம் என்றே எழுதுங்கள்.

இந்த ஊருக்குச் சொல் புதிதல்ல. ‘தமிழன்’ இதழை நடத்திய சிந்தனையாளர் அயோத்திதாசர் 1914-ல் மறைந்த பிறகு அவருடைய நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. அந்த இதழும் 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்துதான் மறுபடி வந்தது. தொழிலாளர்களைக் கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து 1930-ல் வேலையை நிறுத்திய ஊர் இது. நாள் முழுக்கப் பாறையை உடைத்துவிட்டு மேலே வந்தவர்கள் பைசா சேர்த்துப் பத்திரிகை வாங்கிப் படித்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். சிற்றிதழ் நடத்தும் எங்களுக்கு அவர்களைவிடப் பெரிய முன்னோடிகள் இல்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். கடைசியாகக் கீழே இறங்கியவர்களே ஐம்பதை ஒட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள்; பலருக்குப் பேசினால் மூச்சு வாங்குகிறது. அதனால் அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை இந்தச் சொல்லகராதிக்கென்றே ஒதுக்குகிறோம். ஒரு சொல், அதைச் சொன்னவர் எந்த வேலை பார்த்தார், எந்த ஷாஃப்ட், எப்போது அந்தச் சொல் வாயில் வரும் — இவ்வளவு இருந்தால் போதும். உச்சரிப்பைத் திருத்தாமல், அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். ஆம்பளைகளிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டாம். சங்கு ஊதும் நேரத்தை வைத்துச் சோறு வடித்த அம்மாக்களிடமும் ஆயாக்களிடமும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் மாரிக்குப்பமோ உரிகமோ கோரமண்டலோ, நோட்டை எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.