பெயர் மட்டும் சொன்னால் போதும்!

'எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர். மகள் பிரசவம், உறவினர் வீட்டு விசேஷம் என்று மாதக் கூட்டத்தின்போது இரண்டு மூன்று பேர் ஊரில் இருப்பதில்லை. போனில் சேர்ந்து பேசலாம் என்றால், ஆப்பைத் திறந்ததுமே மொபைல் எண், ஓ.டி.பி. கேட்கிறது. சிலருக்குச் சொந்தமாக போனே கிடையாது. மகன், மருமகள் போனைத்தான் வாங்கிப் பேச வேண்டும். பதிவு செய்யாமல் பேச வழி உண்டா?' - கம்மாபுரம் வாசகி ஒருவரின் கேள்வி இது.

உண்டு. 'ஜிட்சி மீட்' என்ற இலவசச் செயலியில் விருந்தினராகவே உள்ளே வரலாம். வந்திருக்கும் இணைப்பைத் தொட்டு, பெயரைத் தட்டினால் போதும். மொபைல் எண் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். ஆப் இறக்கச் சொன்னாலும், பிரவுசரிலேயே தொடரலாம். முகம் பார்த்துப் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். வாட்ஸ்அப் குழுவில் நம் எண் மற்ற உறுப்பினர்களின் கண்ணில் படும். இதில் அந்தக் கவலை இல்லை.

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் 2003-ல் எமில் இவோவ் என்ற மாணவர் தொடங்கிய முயற்சியில் பிறந்தது இது. 'ஜிட்சி' என்றால் பல்கேரிய மொழியில் கம்பிகள் என்று பொருள். இது திறந்த மூல மென்பொருள். அதாவது, இதன் நிரலை யாரும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவி நடத்தலாம்.

நம் ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிறு மாலைகளில் தமிழிலேயே நடத்தும் வாராந்தரக் கலந்துரையாடலுக்கு ஜிட்சி இணைப்பைத்தான் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆர்வம் உள்ள யாரும் உறுப்பினர் ஆகாமலேயே போய் உட்கார்ந்து கேட்கலாம்.

ஆனால், கதவு திறந்திருந்தால் வேண்டாதவர்களும் வருவார்கள் அல்லவா? ஜிட்சியின் பொதுத் தளத்தைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவதாகப் புகார்கள் கூடின. அதனால் 2023 ஆகஸ்ட் முதல், அங்கே கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் கூகுள், ஃபேஸ்புக் அல்லது கிட்ஹப் கணக்கில் நுழைய வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல விருந்தினர்தான். உங்கள் குழுவில் ஒருவரிடம் கூகுள் கணக்கு இருந்தால், மற்ற 11 பேருக்கும் பதிவு தேவையில்லை.

தொடங்குபவர் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, அறையின் பெயர். 'மகளிர் குழு' என்று பொதுவாக வைத்தால், அதே பெயரைத் தட்டும் யாரோ ஒருவரும் உங்கள் கூட்டத்துக்குள் வந்து நிற்பார். சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களும் எண்களும் சேர்த்து நீளமாக வையுங்கள்.

இரண்டு, 'லாபி' வசதியைப் போட்டுவிடுங்கள். நம் வீட்டுத் திண்ணை மாதிரிதான் அது. வருகிறவர் அங்கே காத்திருப்பார். நீங்கள் அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும். கூட்டத்துக்கு பாஸ்வேர்டும் வைக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். விருந்தினர் தட்டும் பெயரை யாரும் சரிபார்ப்பதில்லை. உங்கள் தலைவியின் பெயரை முன்பின் தெரியாதவரும் தட்டிக்கொண்டு வரலாம். லாபியில் பெயரைப் பார்த்ததும் அனுமதிக்காதீர்கள். உள்ளே வந்தவரின் முகத்தையோ குரலையோ வைத்து உறுதி செய்துகொண்டு பேச்சை ஆரம்பியுங்கள். தெரியாதவர் என்றால் உடனே வெளியேற்றிவிடலாம்.

கடன் யாருக்கு, எந்தத் தொழிலுக்கு என்று கலந்து பேச இந்த முறை தாராளமாகப் போதும். ஆனால் வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி., 'இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பு' என்ற பேச்சு எதுவும் அங்கே வேண்டாம். தீர்மானப் புத்தகமும் கையெழுத்தும், எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு, எப்போதும்போல நேரிலேயே நடக்கட்டும்.